ஐஸ் பக்டரியில் வைத்த ஏழு கையொப்பங்கள்

நான் சோதித்துப் பார்க்காத ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன் என்று எழுதி, ஏழு மாதம் கையொப்பம் வைத்தேன். என்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை. எட்டாவது மாதம் அதன் விளைவு எனக்கே தெரியவந்தபோது மறைத்தேன். அதன் பிறகு, ஒரு கையொப்பம் ஒரு மனிதரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நேரத்தில், திடீரென்று நேர்மையானவனாகிவிட்டேன். இந்த மூன்றையும் செய்தவன் நான். வயது எண்பதை நெருங்குகிறது. இனி இதை என்னிடம் யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் நானே சொல்கிறேன்.

யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைகளில் கொழும்புக்குப் போய்க் கணினி படித்தேன். ஐம்பதை எட்டும்போது வேலையை விட்டுவிட்டு, சின்ன வியாபாரங்களின் கணினிகளைப் பார்த்துக்கொடுக்கும் தொழிலைத் தொடங்கினேன். அந்த நேரத்தில் ஊரில் கணினி வாங்கியவர்கள் இருந்தார்கள். அது நின்றுபோனால் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் இருக்கவில்லை. தெரிந்த இளைஞர்கள் கொழும்புக்கோ அதற்கு அப்பாலோ போய்விட்டார்கள். ஒரு மருந்துக்கடை, ஒரு லொட்ஜ், ஒரு இரும்புக்கடை, ஒரு நெல் ஆலையின் கணக்கு எழுதும் கந்தோர் என்று பன்னிரண்டு இடங்கள் என்னிடம் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் மாதத்தில் ஒரு நாள். சொந்தமாக ஆள் வைக்காமல் இந்த வேலையை வெளியில் கொடுப்பது அப்போதுதான் கொழும்பில் வழக்கமாகிக்கொண்டிருந்தது. அதை நான் இங்கே கொண்டுவந்து, என் சொந்த யோசனைபோலச் சொல்லி விற்றேன்.

என் பேச்சு எப்போதும் ஒன்றுதான்: "உங்களுக்கு இதைப் பற்றி ஒண்டும் தெரியத் தேவையில்லை. அதுக்குத்தானே நான் இருக்கிறன்." எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு விஷயத்திலாவது பயப்பட வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் ஆட்கள் உடனே தலையாட்டினார்கள்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றுதான் ஐஸ் பக்டரி. சீனன்குடாப் பக்கம் போகும் வீதியில், கடலை ஒட்டி இருந்தது. மீன் வள்ளங்களுக்கு ஐஸ் கொடுக்கும் இடம். கடலுக்குப் போகும் நேரத்தையும் தூரத்தையும் படையினர் கட்டுப்படுத்தியிருந்ததால் பாதி நாட்கள் ஐஸ் வாங்க ஆள் வராது. கட்டிகளின் மேல் கந்தளாயில் இருந்து லொறியில் வந்த உமியைக் கொட்டி மூடி வைத்திருப்பார்கள். உள்ளே போனால் அமோனியா மணம் மூக்கைப் பிடுங்கும். இருபத்தைந்து பேர் வரையில் வேலை செய்தார்கள். பெரும்பாலானவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்தவர்கள். மெஷினைப் பார்ப்பவர் பக்கத்துக் கப்பல்துறைக் கிராமத்துக்காரர். ஆணி முடுக்கும் நீண்ட திருப்புளியின் நுனியைக் கொம்பிறசரில் வைத்து, கைப்பிடியை இடது காதில் ஒட்டிக்கொண்டு நிற்பார். எந்த இடத்தில் தேய்கிறது என்று அப்படியே சொல்லிவிடுவார். என்னைக் கண்டால், "மாஸ்டர், உங்கட பெட்டிக்கும் இப்பிடிக் காது வைச்சுப் பாக்கலாமோ?" என்று கேட்பார்.

"அதுக்குள்ள சத்தமே இல்லை."

"அப்ப நோய் வருத்தம் வந்தா எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?"

நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

அங்கே கணினி வாங்கியது வரவுப் பதிவுக்காக. யார் எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்பதுதான் அதன் பிரதான வேலை. முன்பு அதை எழுதுவினைஞர் பெரிய மட்டைக் கொப்பியில் எழுதிவந்தார். அவர் நாற்பது வயதுக்கு அருகில் இருந்த, கலியாணம் செய்யாத பெண். முத்து முத்தாக எழுதுவார். வாசலில் ஆட்கள் ஒரு தாளில் ஒப்பம் வைப்பார்கள். அதைப் பார்த்துக் கொப்பியில் ஏற்றுவார். கணினி வந்த பிறகும் சில மாதங்கள் இரண்டிலும் ஏற்றினார். நான்தான் அதை நிறுத்தச் சொன்னேன்.

"ஒரே வேலையை ரெண்டு தரம் என்னத்துக்குச் செய்யிறியள்?"

"கொப்பி இருந்தா எனக்கு நெஞ்சு ஆறும் மாஸ்டர்."

"உங்கட நெஞ்சுக்கு நான் உத்தரவாதம்" என்றேன். முதலாளியும் சிரித்தார். கொப்பி நின்றது. வாசல் தாள்களைத் தட்டச்சு செய்து முடித்ததும் தேத்தண்ணி அடுப்பு மூட்டப் பயன்படுத்தினார்கள்.

கொப்பிக்குப் பதிலாக நான் கொடுத்தது பிரதிகள். ஒவ்வொரு மாதமும் இரண்டு பிளொப்பியில் பிரதி எடுப்பேன். ஒன்று பக்டரியில் இருக்கும். மற்றதை நகரத்தில் என் வீட்டுக்குக் கொண்டுபோய், என் கணினியில் திறந்து பார்த்துவிட்டு அலுமாரியில் வைப்பேன். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. மாதாந்தப் படிவத்தில் இரண்டு வரிகளை நானே அச்சடித்திருந்தேன்: "பிரதி எடுக்கப்பட்டது. பிரதி வேறு கணினியில் திறந்து சோதிக்கப்பட்டது." இரண்டாவது வரியைச் சேர்த்தது பார்க்கிறவர்களுக்கு மதிப்பாக இருக்கட்டும் என்றுதான்.

பக்டரிக்கும் என் வீட்டுக்கும் இடையில் சோதனைச்சாவடி ஒன்று இருந்தது. ஒரு மாதம் அங்கே நின்ற இளம் சிப்பாய் என் பையில் இருந்த பிளொப்பியை எடுத்து, அதன் தகட்டைத் தள்ளிவிட்டு, உள்ளே இருந்த மண்ணிறத் தட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஐஸ் பக்டரி ஆட்களின் பெயர்களும் நேரங்களும் என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று விளங்கியது. மேலதிகாரி வரும்வரை வெயிலில் நிறுத்தினார்கள். காலை எட்டரைக்கு நின்றவன் பகல் ஒரு மணிக்குத்தான் விடப்பட்டேன். ஒருவரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஆனால் அந்த வெயிலில் நின்றபோது பாடசாலையில் என்னிடம் படித்த இரண்டு பேர் பஸ்ஸில் இருந்து என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் பிளொப்பி கொண்டுபோகவில்லை.

அதை முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பார், அல்லது கொப்பியைத் திரும்பத் தொடங்கச் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை. இரண்டு பிளொப்பிகளையும் எழுதுவினைஞரின் மேசை லாச்சியிலேயே விட்டேன். ஈரம் பிடிக்காமல் இருக்க அவர் ஒரு அரிசிப் பொட்டலத்தை அவற்றோடு வைத்தார். மாதா மாதம் பழையதை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதினேன். திரையில் "முடிந்தது" என்று வரும். அதுவே போதும் என்று படிவத்தில் இரண்டு வரிகளுக்கும் கீழே கையொப்பம் வைத்தேன். இப்படி ஏழு மாதம்.

எட்டாவது மாதம் ஒரு நாள் மின்சாரம் நின்று, ஜெனரேற்றர் போட்டபோது அழுத்தம் எகிறிக் கணினி எரிந்தது. புதிய ஹார்ட் டிஸ்க் போட்டேன். பிளொப்பியைச் செருகினேன். வாசிக்க முடியவில்லை என்றது. மற்றதைச் செருகினேன். அதுவும் அப்படித்தான். வெளியே எடுத்துத் தகட்டைத் தள்ளிப் பார்த்தேன். மண்ணிறத் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். எழுதுவினைஞர் பின்னால் நின்றார்.

"வந்திட்டுதே மாஸ்டர்?"

"இது பழைய பிளொப்பி. வீட்டில நல்ல பிரதி இருக்கு. பிறகு போட்டுத் தாறன். நீங்க இந்த மாசத்தில இருந்து தொடங்குங்கோ."

"ஓம்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்து தொடங்கினார். வீட்டில் இருந்தது அந்தச் சிப்பாய் விரலால் தேய்த்த பிளொப்பிக்கு முந்திய மாதத்தினது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம் கழித்துக் கப்பல்துறையில் படையினரின் சுற்றிவளைப்பு நடந்தது. அடையாளம் காட்டுவதற்கென்று முகத்தை மூடிய ஒருவனை இருத்தி, ஆட்களை வரிசையாக அவன் முன்னால் நடக்கவிட்டார்கள். மெஷின்காரர் நடந்தபோது அவன் தலையாட்டினான். மூன்று மாதத்துக்கு முன்னால் வீதியில் நடந்த ஒரு குண்டுவெடிப்பில் அவருக்குப் பங்கு இருப்பதாகச் சொல்லிக் கொண்டுபோனார்கள். அந்தக் குண்டு வெடித்த நாளில் அவர் எங்கே இருந்தார் என்பது பக்டரியில் எல்லோருக்கும் தெரியும். அமோனியாக் குழாய் வெடித்த நாள் அது. வீதி மூடப்பட்டதால் மாற்று ஆள் வரவில்லை. அவர் காலையில் வந்தவர் மறுநாள் காலைவரை மெஷினோடேயே நின்றார்.

ஆனால் பக்டரி ஆட்கள் சொல்வதை விசாரணை அதிகாரி ஏற்கவில்லை. எல்லோரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், ஒருவருக்காக ஒருவர் சொல்வார்கள், பதிவைக் கொண்டுவாருங்கள் என்று முதலாளிக்குச் சொல்லியிருந்தார். முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது கந்தோரில் மெஷின்காரரின் மனைவி கதிரையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. அதற்குள் கணவருக்குக் கொடுப்பதற்கென்று கொண்டுவந்த, உடுக்கச் சாரமும் துடைக்கத் துவாயும்.

"மாஸ்டர், அந்த நாளுக்குரிய வரவை அடிச்சுத் தாங்கோ. நாளைக்கு விடியக் குடுக்கோணும்" என்றார் முதலாளி.

எழுதுவினைஞர் அந்தப் பெண்ணின் தோளில் கைவைத்து, "பயப்பிடாதேங்கோ அக்கா, மாஸ்டர் வீட்டில பிரதி இருக்கு" என்றார்.

"இல்லை" என்றேன்.

"இல்லையெண்டா?"

"வீட்டில இல்லை. இஞ்ச இருந்ததும் பழுதாப் போச்சு. முந்தியே போச்சு."

முதலாளி கோபக்காரர் அல்ல. படிவங்கள் இருந்த பைலை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி. இப்ப கதைச்சு வேலையில்லை. அந்த மாசத்தைத் திருப்பி அடியுங்கோ. வாசல் தாள் எரிஞ்சாலும் எங்களுக்கு ஞாபகம் இருக்கு. நடக்காததை எழுதச் சொல்லேல்லை. நடந்ததைத்தான்."

"அது பதிவு இல்லை முதலாளி. இப்ப எழுதுறது."

"இதில ஏழு இடத்தில 'சோதிக்கப்பட்டது' எண்டு ஒப்பம் வைக்கேக்க உங்களுக்குக் கை நடுங்கேல்லையே மாஸ்டர்? ஒரு மனுசனுக்காக வைக்கச் சொன்னா மட்டும் ஏலாதோ?"

மெஷின்காரரின் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு தாள்தானே ஐயா" என்றார்.

நான் விளக்கம் சொன்னேன். கணினியைக் கொண்டுவரச் சொன்னால் பதிவு எந்த நாளில் எழுதப்பட்டது என்று உள்ளே காட்டிவிடும், டிஸ்க் புதியது என்பதையும் கண்டுபிடிப்பார்கள், பிறகு அவருக்குத்தான் இன்னும் பாதகம் என்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் அதற்காக நான் மறுக்கவில்லை. பிடிபட்டால் அவருக்குப் பக்கத்தில் நானும் இருப்பேன் என்ற பயத்தில் மறுத்தேன். அந்தப் பயத்துக்கு அன்று நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன். விசாரணைக்காரர்கள் உண்மையில் பக்டரிக் கணினியைக் கேட்டு வாங்கிப் பார்த்திருப்பார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு தாளோடு விட்டிருக்கவும் கூடும்.

அதற்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதினேன். ஒப்பந்தப்படி நான் பிரதி எடுக்கவில்லை, சோதிக்கவில்லை, பதிவு அழிந்தது என் பிழை, பக்டரியின் பிழை அல்ல, மெஷின்காரர் அன்று வேலையில் இருந்தார் என்பதை அழிந்துபோன பதிவு காட்டியிருக்கும் என்று மூன்று மொழியிலும் எழுதி, முதலாளியோடு போய்க் கொடுத்தேன். விசாரணை அதிகாரி ஆங்கிலப் பிரதியை நிதானமாக வாசித்தார். மரியாதையாகத்தான் பேசினார். நான் ஆசிரியராக இருந்தவனா என்று கேட்டார். ஓம் என்றேன். ஏழு தரம் பொய்யாக ஒப்பம் வைத்ததாக நீங்களே சொல்கிறீர்கள், இந்த எட்டாவது ஒப்பத்தை நான் என்னவென்று எடுப்பது என்று கேட்டார். கடிதத்தை என்னிடமே திருப்பித் தந்தார்.

மெஷின்காரர் பத்தொன்பது மாதம் உள்ளே இருந்தார். இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவருடைய மனைவி விசாரித்துக் கண்டுபிடித்துப் போவார். மனுக்களை நான் எழுதிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அது ஒன்றுதான். அந்தப் பெண் அதிகம் படித்தவர் அல்ல. ஆனாலும் தமிழ்ப் பிரதியை விரல் வைத்து முழுவதும் வாசிப்பார். வாசித்து முடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும், "இதில எழுதினது எல்லாம் உண்மையோ மாஸ்டர்?" என்று கேட்பார். குத்திக்காட்டுவதற்காக அல்ல. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஓம் என்பேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார்.

மற்றப் பதினொரு இடங்களுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். அவர்களுடைய பிரதிகளையும் அப்படித்தான் வைத்திருந்தேன் என்றேன். மாத முடிவில் எல்லாவற்றையும் தாளில் அடித்து, சம்பந்தப்பட்டவர்களே பார்த்து ஒப்பம் வைத்து, ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோகும் முறையைச் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் கேட்டார்: "அப்ப என்னத்துக்கு மாஸ்டர் கொம்பியூட்டர்? நாங்கள் ஒண்டையும் பாக்கத் தேவையில்லை எண்டுதானே அண்டைக்குச் சொன்னனீங்க?" லொட்ஜ்காரர் வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார். ஊரில் வேறு ஆள் இல்லை, இருந்தும் என்னை நிறுத்தினார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். ஒரு வருடத்துக்குள் நான்கு இடங்கள்தான் மிஞ்சின.

ஐஸ் பக்டரி முதலாளி என்னை நிறுத்தவில்லை. எழுதுவினைஞர் நான் கேட்காமலே மட்டைக் கொப்பியைத் திரும்பத் தொடங்கியிருந்தார். என்னோடு வேலைக் கதை மட்டும் கதைப்பார். அங்கே ஒப்பந்தம் இல்லாமலே மாதம் ஒருதடவை போய், கொப்பியையும் கணினியையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தாள் அடித்துக் கொடுத்தேன். அதில் ஆட்கள் தங்கள் தங்கள் பெயருக்கு நேரே ஒப்பம் வைப்பார்கள். அடியில் "சரிபார்த்தவர்" என்று ஒரு கோடு. அதில் நான் வைப்பேன்.

குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை என்று ஒரு நாள் மெஷின்காரரை விட்டுவிட்டார்கள். பத்தொன்பது மாதத்துக்கு முன்னால் பக்டரியில் எல்லோரும் சொன்னதும் அதுதான். அவர் திரும்பி வந்து வேலைக்குச் சேர்ந்தபோது நான் அங்கே போனேன். கொம்பிறசருக்குப் பக்கத்தில் நின்றார். திருப்புளியை வலது காதில் வைத்திருந்தார். இடது காது கேட்கவில்லை. எப்படி என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. மெஷின் சத்தத்துக்குள் அவருடைய வலது பக்கம் போய் நின்று, நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். தாள் அடிக்கச் சொன்னபோது நான் மறுத்ததையும், ஏன் மறுத்தேன் என்பதையும் சொன்னேன். அது ஒருவருக்கும் சொல்லாதது.

"மனிசி சொன்னவ" என்றார். "பயந்திட்டீங்க எண்டு."

அவருடைய மனைவி அன்றைக்கே கண்டுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சமாதானப் பேச்சுக்காலம் வந்தது. வீதி திறந்தது. கொழும்பு நிறுவனங்கள் சிரித்த முகத்தோடு ஆட்களை அனுப்பின. அவர்கள் தொலைபேசி வழியாகவே உங்கள் கணினிக்குள் வந்து திருத்துவார்கள், பிரதிகளைத் தங்கள் இடத்திலேயே வைத்திருப்பார்கள். என்னிடம் மிஞ்சியிருந்த இரும்புக்கடைக்காரர் அவர்களிடம் போனார். அந்தப் பிரதியைத் திறந்து காட்டச் சொல்லுங்கோ, மாதம் ஒருக்காக் கேளுங்கோ என்று அவருக்குச் சொன்னேன். "கேட்டனான் மாஸ்டர். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை எண்டு சொல்லுறாங்கள்" என்றார். பிறகு மீண்டும் சண்டை வந்தது, வீதி மூடியது, அந்த ஆட்கள் வருவதை நிறுத்தினார்கள். தொலைபேசியில் மட்டும் பேசினார்கள். இப்போது சின்னக் கடைக்காரர்கள்கூட எல்லாவற்றையும் எங்கேயோ வைத்திருக்கிறார்கள். எங்கே என்று கேட்டால் மேலே கையைக் காட்டுகிறார்கள். ஒன்றும் தெரியத் தேவையில்லை என்ற அந்தப் பேச்சை இந்த ஊரில் முதலில் பேசியவன் நான்.

மெஷின்காரர் திரும்பி வந்த முதல் மாத முடிவில் நான் தாளை அடித்து மேசையில் வைத்தேன். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஒப்பம் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் பார்க்காமலே வைத்தார்கள். அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்து, தன் பெயருக்கு நேரே இருந்த நாட்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தார். ஒரு நாளில் கால்மணி நேரம் பிழையாக இருந்ததைக் காட்டினார். கொப்பியைப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. நான் திருத்தித் திரும்ப அடித்தேன். மறுபடியும் முதலில் இருந்து வாசித்து, ஒப்பம் வைத்தார்.

நான் பேனையைத் திறந்து அடியில் இருந்த கோட்டுக்குக் கையைக் கொண்டுபோனேன். அவர் தன் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தார்.

"நீங்க வேண்டாம் மாஸ்டர். தங்கச்சி வைக்கட்டும்."

குரலில் கோபம் இருக்கவில்லை. எழுதுவினைஞர் என்னைப் பார்க்காமல் தாளை இழுத்து, தன் முத்து எழுத்தில் ஒப்பம் வைத்தார். மெஷின்காரர் ஒரு பிரதியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எழும்பும்போது, மேசையில் இருந்த தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார்.

"குடியுங்கோ. ஆறுது."

குடித்தேன். அந்தப் பக்டரி மூடப்படும்வரை மாதம் தவறாமல் போய்த் தாள் அடித்துக் கொடுத்தேன். அந்தக் கோட்டில் அதன் பிறகு நான் ஒப்பம் வைக்கவில்லை.